பக்கத் தையல்

திங்கள்தோறும் வண்ணாரப்பேட்டைக்கு வரும்
பெரம்பூர் ரயில் துரை வீட்டு மூட்டை.
தொரசாணி சட்டைக்குப் பூசணிக்காய்க் கைகள்,
ஒன்றுக்குள் என் பிள்ளையைப் படுக்க வைக்கலாம்.
உள்ளே கரிப்பெட்டியை விட்டு
உப்பல் அமுங்காமல் தேய்க்க
கன்னியப்பனுக்கு வராது, எனக்கு வரும்.

மேசையில் விரித்தால் இடுப்பு ஒரு சாண்.
கச்சைக்குள் வரிவரியாய்த் திமிங்கல எலும்பு.
"மீன்முள் தொண்டையில் மாட்டும்,
இவளுக்கு இடுப்பில்" என்று சிரிப்பான்.

மாசியில் பக்கத் தையலை
ஒரு விரல் பிரித்து விட்டிருந்தார்கள்.
பங்குனியில் இரண்டு.
வெயிலில் பிடித்தால்
பழைய ஊசித் துளைகள்
எறும்பு போன தடம்.
கன்னியப்பனிடம் சொல்லவில்லை.
கஞ்சியை மட்டும் குறைத்தேன்.

சித்திரையில் மூன்று திங்கள் மூட்டை இல்லை.
பிறகு வந்த சீட்டில்
படுக்கை விரிப்பு பதினொன்று.
உப்புத் தண்ணீரில் இரண்டு ராத்திரி ஊறின.
அடிவரை துழாவினேன்,
சின்னத் துணி ஒன்றுகூட இல்லை.

ஆனியில் அதே சட்டை.
பழைய துளைகளிலேயே நூல் ஏறி
அதே ஒரு சாண்.
இந்த முறையும்
கஞ்சி குறைவாகத்தான் போட்டேன்.

விறைப்பு போதவில்லையென்று
இரண்டணா பிடித்துக்கொண்டார்கள்.