ஒன்பதாவது கேள்வி

வேலூரில் இரண்டு நாள் பயிற்சி.
மதியம் சாம்பார் சாதம், மாலையில் சமோசா.
கழுத்தில் மாட்ட ஓர் அட்டை,
கையில் நூறு தாள்.
தாளுக்கு ஒன்பது கேள்வி,
கேள்விக்கு நான்கு கட்டம்.
நிரப்பிய தாளுக்கு முப்பது ரூபாய்.

துத்திப்பட்டில் எங்கள் தெருவிலிருந்தே தொடங்கினேன்.
கம்பெனி கேட்டில் பூட்டு விழுந்து
அன்றைக்கு நாற்பத்தொரு நாள்.
ஐந்தாவது லைனில் ஷூவுக்கு மேல்தோல் தைத்த கைகள்
ரேஷன் அரிசியில் இல்லாத கல்லைத்
தேடிக்கொண்டிருந்தன.

"கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் நாட்டமின்மை உணர்ந்தீர்களா?"
அச்சில் இருந்தபடியே வாசித்தேன்.
"நாட்டமின்னா இன்னாமே?" என்றாள் தில்ஷாத்.
"கொழம்புல உப்பு போட்டேனா இல்லியான்னே தெரியல.
புள்ளைங்க துன்னுட்டு எழுந்து போதுங்க,
அதுங்களும் சொல்லல.
அது எந்தக் கட்டம்?"

மனச்சோர்வு என்று ஒருவரும் சொல்லவில்லை.
கால் மரத்துப்போகிறது என்றார்கள்.
நெஞ்சு மேல அம்மிக்கல்லு என்றார்கள்.
விடியக்காலம் வேன் ஹாரன் கேட்கிறது,
எழுந்து தலை பின்னி முடித்த பிறகுதான்
ஞாபகம் வருகிறது என்றாள் ஒருத்தி.
கட்டிங் செக்‌ஷன் எத்திராஜ்
எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றுவிட்டு
வெளியே போய்
பெட்ரோல் இல்லாத பைக்கைத் துடைத்தான்.

எல்லா வீட்டிலும் எட்டோடு நிறுத்தினேன்.
உயிரை விடத் தோன்றியதா என்று
எதிரில் சாப்பிட்ட தட்டோடு நிற்பவளை
எப்படிக் கேட்பது?
கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடாதா?
ஆகாது, கேட்பதுதான் நல்லது என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
பயிற்சியில் ஃபேன் ஓடியது.
முதல் கட்டத்தில் நானே டிக் அடித்தேன்.
முப்பது ரூபாய். முப்பது ரூபாய்.

பூங்காவனத்தின் கதவு பாதி சாத்தியிருந்தது.
லைனில் எனக்கு எதிர் மெஷின் அவள்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்,
ஏழு விழுந்தால்
தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள்.
தாளை மடிக்கும்முன் பிடித்துக்கொண்டாள்.
"ஒண்ணு வுட்டுட்ட."
"அது வேணாம்."
"கேளு."

கேட்டேன்.
ஒரு கோழி உள்ளே வந்து
ஒன்றும் இல்லையென்று திரும்பிப் போனது.
"ஆமா" என்றாள். "ரெண்டு தரம்.
யாராச்சும் கேப்பாங்களான்னு பாத்துகினு இருந்தேன்."

என் வாயில் பயிற்சி எதுவும் வரவில்லை.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் மற்றக் கையால் பேனாவை எடுத்தாள்.
"இப்ப நீ.
ரெண்டு வாரமா தூங்கினியாமே?"
ஒன்பதையும் அவள் பாஷையில் கேட்டாள்,
ஒன்றையும் விடவில்லை.
கூட்டிப் பார்த்தோம்:
அவளைவிட எனக்கு இரண்டு அதிகம்.

அன்றிரவு அவள் வீட்டில் படுத்தேன்.
அவளுக்குக் காவலா, எனக்கா, தெரியாது.

வியாழக்கிழமை ஜப்பார் பாய்
சும்மா நின்ற கம்பெனி வேனை எடுத்தார்.
டீசலுக்கு ஆளுக்கு முப்பது.
பதினோரு பேரும் யாரும் சொல்லாமலே
அவரவர் பழைய சீட்டில் உட்கார்ந்தோம்.
பள்ளிகொண்டா டோல்கேட் வரை பேச்சில்லை.
தில்ஷாத் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
முதல் வாயிலேயே ஏழெட்டுக் குரல்:
"உப்பே இல்ல!"
அவள் சிரித்தாள். சிரித்து,
வேலூர் ஆஸ்பத்திரி வாசல் வரை அழுதாள்.

சிலருக்கு மாத்திரை. சிலருக்கு
அடுத்த வாரம் வரச்சொல்லி ஒரு சீட்டு.
இருவர் வேனை விட்டே இறங்கவில்லை.
கேட்டில் பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

நானே டிக் அடித்த தாள்களைக் கிழித்தேன்,
மறுபடி முதல் வீட்டிலிருந்து.
எத்திராஜிடம் மட்டும் தாளை எடுப்பதில்லை.
ஒரு பழந்துணியோடு போய்
பைக்கின் அந்தப் பக்கம் உட்கார்ந்து துடைக்கிறேன்.
நான்கு நாள் பேச்சே இல்லை.
நேற்று, ஸ்போக்ஸ் கம்பியிலிருந்து
கண்ணை எடுக்காமலே கேட்டான்:
"ஒன்பதாவதுன்னு இன்னாவோ கேக்கறியாமே,
அது இன்னா?"