நாலாம் விதி

ஏழு மணிக்குக் கூட்டம் முடிந்தது.
கல்லடியில் இரும்புக்கடைக்கு மேல்மாடி,
மின்விசிறி ஒன்று, பிளேன்டீ ஒன்பது,
என் மடியில் சங்கத்தின் வரைவு:
தொண்டுக்குப் போகும் பொறியியலாளர்
நடந்துகொள்ள வேண்டிய முறை.

முதலாவதில் தகராறில்லை.
அடையாள அட்டை கழுத்தில், தனியாகப் போகாதே.
இரண்டாவது, உன் கம்பனியின் பெயர் அட்டையை
வெள்ளம் வடிந்த வீட்டில் நீட்டாதே.
கோபாலரெத்தினம் மேசையைப் பார்த்துச் சிரித்தார்.
மூன்றாவது, கைநீட்டி எதுவும் வாங்காதே.
"இளநீருமா?" என்றார் ஜௌபர்.
"வெட்டின இளநிய வேணாமெண்டா
அந்த மனிசன் என்ன நினைப்பான் கா?"
அரை மணித்தியாலம் இளநீரில் போனது.
கடைசியில் எழுதினோம்:
குடிக்கலாம், குறிப்பேட்டில் பதிக.

நாலாவதை நான்தான் வைத்தேன்.
சுவரைப் பார்த்து வாயால் 'பயமில்லை' சொல்லாதே.
அளந்ததை எழுது, அளக்காததையும் எழுது.

"இதென்ன புதிசா? எங்கயாவது நடந்ததா?"
பர்வீன் பேனையோடு நிமிர்ந்தாள், அறிக்கைக்காக.
"ஒரு உறுப்பினருக்கு" என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டாள்.

கிரானுக்கு உள்ளே, தை மாதம்,
முழங்கால் சேறு. அன்று பதினாறாவது வீடு.
ஜன்னல் மூலையிலிருந்து சரிந்திறங்கிய வெடிப்பில்
என் சுண்டுவிரல் நுழைந்தது.
அத்திவாரம் தோண்டிப் பார்க்க மண்வெட்டி இல்லை,
வெளிச்சமும் இல்லை.
தங்கேஸ்வரி என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்,
வெடிப்பை அல்ல.
"பயப்படாதீங்க, ஒண்டும் செய்யாது."
அவள் முகம் தளர்ந்ததைக் கண்டு
எனக்கும் நல்லாயிருந்தது.
ஒரு சட்டி எருமைத் தயிர் தந்தாள். வாங்கினேன்.

வைகாசியில் அந்தச் சுவர்
தையல் மெஷின்மேல் விழுந்தது.
வீடே அன்று திருக்குளிர்த்திக்குப் போயிருந்தது.
அம்மன் காத்தாள் என்று
ஊர் சொன்னதாகக் கேள்வி.
நானும் அதைப் பிடித்துக்கொண்டு
ஒரு வருசம் ஓட்டிவிட்டேன்.

சட்டி இப்போது என் மேசையில்,
பேனைகள் நிற்கின்றன அதில்.
அதிலொன்றை எடுத்து ஒன்பதாவதை எழுதினேன்:
பிழை விட்டவர்
நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள்
எழுத்தில் அறிவிக்க வேண்டும்,
சங்கத்துக்கும், மறுகா அந்த வீட்டுக்கும்.

'மறுகா'வை வெட்டினேன்.
'முதலில் அந்த வீட்டுக்கு' என்று மாற்றினேன்.

எப்போதிருந்து எண்ணுவது நாற்பத்தெட்டை?
சுவர் விழுந்ததிலிருந்தா,
எனக்குத் தெரிய வந்ததிலிருந்தா,
இந்த வரியின் மை காய்வதிலிருந்தா?
விதியில் அதற்கு இடம் விடவில்லை.

பர்வீனுக்கு அழைப்பெடுத்தேன். பத்தே முக்கால்.
"அறிக்கையில 'ஒரு உறுப்பினர்' எண்டு இருக்கு."
"ஓம், சொல்லுங்க."
"அதை அழி. பெயரை எழுது."
அவள் பேனையைத் தேடும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.