நாற்பத்தைந்து நிமிட மழை

நாங்கள் மூன்றே பேர்.
பிரேயஸ் துறைமுகத்தில்
படகு டிக்கெட் விற்கும் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.
கொலை, விவாகரத்து, வாடகைத் தகராறு
எதுவும் இங்கே படியேறி வராது.
கப்பல் காத்துக் கிடந்த நேரத்துக்கு
யார் காசு கொடுப்பது?
அது ஒன்றுதான் எங்கள் சட்டம்.

நான் தெக்லா. பயிற்சிக்கு வந்து ஏழாவது வாரம்.
அம்மாவிடம் விளக்கியபோது
"டாக்ஸி மீட்டர் மாதிரியா?" என்றாள்.
இரண்டு வருடம் கடல் சட்டம் படித்த எனக்கு
மறுக்க ஒரு வரி கிடைக்கவில்லை.

முதல் கோப்பு: பரனகுவாவில் சோயா ஏற்றிய கப்பல்.
தானியம் நனையக் கூடாது.
மழை விழுந்தால் சரக்கறைகளை மூட வேண்டும்,
மூடியிருந்த நேரம் கணக்கில் சேராது.
ஆகவே எவ்வளவு பெய்ததோ
அவ்வளவும் எங்கள் கட்சிக்காரருக்கு லாபம்.
பெய்ய வைக்கும் வேலை என்னுடையது.

துறைமுகத்தின் குறிப்பு: மழை, 14:10 முதல் 16:20 வரை.
கப்பலின் குறிப்பு: மழை, 14:10 முதல் 15:35 வரை.
நடுவே நாற்பத்தைந்து நிமிடம்.
நாளொன்றுக்கு இருபத்திரண்டாயிரம் டாலர் வீதம்
அறுநூற்று எண்பத்தேழரை.
என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக்
கொஞ்சம் குறைவான மழை.

தூறலா, சாரலா,
விட்டுவிட்டுப் பெய்ததா,
வெளுத்து வாங்கிவிட்டு
மூடியின் விளிம்பில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்ததா,
ஒருவரும் எழுதவில்லை.
வானிலை நிலையத்துக்குக் கடிதம் போட்டேன்.
அவர்களுடைய மழைமானி
பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு விமானத் திடலில் இருக்கிறதாம்.
அங்கே அன்று வெயில்.

பதினொரு பக்கம் எழுதினேன்.
ஈரம் என்றால் என்ன என்பதற்கே இரண்டு பக்கம்.

நகல் எடுக்கும் எந்திரத்தடியில்
கணக்குப் பார்க்கும் பனோர்மித்திஸ்,
என் வயதுக்காரன், சட்டம் படிக்காதவன்,
சூடாக வந்து விழுந்த ஆறாம் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இவர்களுக்குக் கெடு எப்போது முடிந்தது?"

செவ்வாய் நண்பகல்.
மழை பெய்ததோ புதன்.

கெடு தாண்டிவிட்டால் மழைக்குச் சலுகை இல்லை,
புயலுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இல்லை.
தாமதத்துக்குள் ஒருமுறை போனவன்
கப்பல் கிளம்பும்வரை தாமதத்தில்தான் இருக்கிறான்.
தெரியும். பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்,
இரண்டு நிறத்தில்.
எந்திரம் ஏழாம் பக்கத்தைத் துப்பியது.
எட்டை. ஒன்பதை.
நிறுத்தும் பொத்தான் எது என்று
அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

ஊரானியா திட்டவில்லை.
தொலைபேசியில் யாரோ ஒரு கப்பல் முதலாளியைச் சமாதானப்படுத்தியபடி
விரலால் நேரப் பதிவேட்டை மட்டும் காட்டினாள்.
இங்கே எங்கள் பொழுதையும்
ஆறாறு நிமிடமாக நறுக்குவார்கள்.
மழைக்கு நூற்றுப்பத்துத் துண்டுகள்.
எதிரே, என் கையாலேயே எழுதினேன்:
வசூலிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாலை
பாதிக்குப் பாதி என்று
ஒரே மின்னஞ்சலில் எல்லாம் முடிந்தது.
கோப்பைக் கட்ட பனோர்மித்திஸ் கயிற்றோடு வந்தான்.
ஒரு நிமிடம் என்றேன்.

கப்பலின் குறிப்பில், அந்தப் புதனுக்குக் கீழே,
வேறொரு கையெழுத்தில் ஒரு வரி.
காசோடு ஒட்டாததால்
பதினொரு பக்கத்தில் எங்கேயும் நான் சேர்க்காதது:

15:50. பயிற்சி மாலுமி மூன்றாம் சரக்கறை மூடியில் வழுக்கினான்.
காயமில்லை. முழுக்க நனைந்திருந்ததால்
உடை மாற்ற அனுப்பப்பட்டான்.

பதினைந்து ஐம்பது.
மழை நின்றுவிட்டதாகக் கப்பல் எழுதிவைத்துக் கால்மணி நேரம் கழித்து.

அப்படியானால் பெய்திருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன்.
ஊரானியா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.
கீழே ஏகினா படகு ஊதியது, எட்டு நிமிடம் பிந்தி.
பனோர்மித்திஸ் முடிச்சுக்கு என் விரலைக் கேட்டான்.
வைத்தேன்.
அவனிடம் மாற்றுவதற்குக் காய்ந்த சட்டை இருந்ததா என்று
எந்தக் குறிப்பிலும் இல்லை.