பின்னணி கழித்தபின்

கோணேசபுரியில் பிற்பகல் மூன்று மணி.
சுவரில் தொங்கும் வெப்பமானி முப்பத்து நான்கு என்கிறது.
கட்டுரையில் அறை வெப்பநிலை இருபத்தொன்று.
யாருடைய அறை சேர் அது?
நஃப்ரீஸ் கேட்கிறான்,
கிண்ணியாப் பாலம் கடந்த வியர்வை
இன்னும் கழுத்தில் காயாமல்.

ஓர் உலோக அணு.
அதைச் சுற்றிக் கூண்டு கட்டிய பத்து ஐதரசன்.
நாலு இரவாக அதை மென்றுகொண்டிருக்கின்றன
ஆறு பழைய கணினிகள்.
சுழற்சி நாற்பத்தொன்று. ஒருங்கவில்லை.
சுழற்சி நாற்பத்திரண்டு.
கரண்ட் போய்விட்டது.

தடையின்றி ஓடும் மின்னோட்டத்தைத் தேடுபவர்களுக்கு
மின்சார சபையின் பதில் இது என்று
போன மாதமே சிரித்து முடித்தாயிற்று.

யன்னலைத் திறந்தோம். உப்புக்காற்று.
துறைமுகத்தின் அடியில்
கப்பலையே விழுங்கும் பள்ளம் இருக்கிறது.
அந்தத் தண்ணீரின் பாரமெல்லாம் சேர்ந்தாலும்
வைர முனைகளுக்கு நடுவே அவர்கள் அழுத்தியதாகச் சொல்வதில்
ஒரு தும்மலுக்குக் காணாது.

கடதாசியில் எடுத்து வைத்திருந்தேன், படம் மூன்றை.
இராவணன் வெட்டுப்போல
ஒரே வீச்சில் விழுகிற கோடு.
அடியில் பூச்சியம்.
அதற்கும் அடியில், எறும்பு எழுத்தில்:
பின்னணி கழிக்கப்பட்டது.

எந்தப் பின்னணி, எவ்வளவு, எப்படி?
மடத்தடிச் சந்தியில் நின்று
பஸ்ஸையும் ஹோர்னையும் கழித்துவிட்டால்
எனக்கும்தான் கேட்கும் பேரமைதி.

ஆனாலும் பொய்யர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.
கன்னியாவில் அடுத்தடுத்த இரண்டு கிணற்றில் கை வைத்து
இது அதைவிடச் சூடு என்று ஒருமுறை
மனைவியிடம் சத்தியம் செய்தவன் நான்.
வெப்பமானி இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றது.
கை இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரவு எட்டரைக்கு வெளிச்சம் வந்தது.
விடியப்புறம் விடை:
மறைக்குறியோடு ஓர் அதிர்வெண்,
கற்பனை.
அந்தக் கூண்டு நிற்காது.
ஐதரசன் ஒவ்வொன்றாய் நழுவிப்போகும்,
கதவு திறந்த வகுப்புப் பிள்ளைகள்போல.

நானும் ஆசைப்பட்டேன். அதை எங்கே எழுதுவது?

"பிழை என்று போடட்டா?"
வேண்டாம்.
எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று போடு.

போட்டான்.
பிறகு, நான் கேட்காமலே,
முதல் பந்தியில் அறை வெப்பநிலை என்று வந்த இடத்தில்
முந்நூற்று ஏழு கெல்வின் என்று தட்டினான்.

நான் திருத்தவில்லை.