வழுவமைதி

ஓவ்லு நகரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
தூய்ரே ஹவுத்தலா விளக்கைக் கிட்டே இழுத்து
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை
நான்காம் முறையாகப் பிரித்தாள்.

வானத்திலிருந்து விழுந்து
கலங்கரை விளக்கின் கரிக்கிடங்கில் ஒளிந்த உயிரை
அந்தப் பழைய ஆங்கில நாவல்
'அது' என்றே எழுதிவந்தது.
அது நகர்ந்தது. அது மூச்சுவிட்டது,
அல்லது மூச்சுப்போல ஒன்றை.
கைகள் என்று ஓரிடத்திலும் இல்லை;
'நுனிகள்' என்பார் மருத்துவர், குறிப்பேட்டில்.
இதுவரை இருநூற்றுப் பதினொரு 'அது'.
பென்சிலால் எண்ணியிருக்கிறாள்.
பிறகு இந்த வரி:
அவனுக்குக் குளிர்ந்தது.
அடுத்த வரியிலேயே மறுபடி 'அது'.

அச்சுப்பிழை, என்றார் பதிப்பாசிரியர் கார்ப்பினென்
தொலைபேசியில், எதையோ மென்றுகொண்டே.
மலிவுப் பதிப்பு. திருத்திவிடு.
எழுதியவர் செத்து இருபது வருடம்.
கையெழுத்துப் படியைக் கேட்டு
லண்டனுக்குப் போட்ட கடிதத்துக்கு
விலைப்பட்டியல் ஒன்று பதிலாக வந்தது.

மருத்துவர் தன் கோட்டைக் கழற்றுவதற்கு
ஒரு வரி முன்னால்,
அவ்வளவு குறிபார்த்தா விழும் ஒரு பிழை?

அவள் மொழியில் அவனும் இல்லை அவளும் இல்லை.
மனிதருக்கு 'ஹேன்', மற்றதற்கு 'செ'.
அதெல்லாம் ஏட்டில்.
அடுப்படியில் தபால்காரரும் 'செ', மாமியாரும் 'செ'.
நாயைக் கொஞ்சும்போது மட்டும் ஹேன்:
ஐயா சாப்பிட்டாரா?

வாசலில் ஓர்வோ பக்கத்து வீட்டுக்காரியிடம்
அவளைப் பற்றித்தான் சொல்கிறான்:
எழுதிக்கிட்டே இருக்கு. காலையிலேருந்து
ஒண்ணும் சாப்பிடல அது.

(நாமும்தான்; தூளியில் கிடப்பதை
'முழிச்சிடுச்சு, பசிக்குது போல' என்போம்.
இலக்கணம் அதற்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.)

தூய்ரே புதுத்தாள் செருகினாள்.
இருநூற்றுப் பதினொரு இடத்திலும் ஹேன் போட்டாள்,
கையுறை மாட்டிய, மரியாதையான சொல்.
தட்டி முடிக்க மூன்று நாள்.
நூற்று நாற்பத்து மூன்றில் மட்டும் கையுறையைக் கழற்றினாள்:

அதுக்குக் குளிருது.

கார்ப்பினென் எப்படியும் அடிப்பார், சிவப்பு மையில்.
அது கிடக்கட்டும்.
அடுத்த வரியில் மறுபடி ஹேன் வர வேண்டும்;
மூலத்தில் அப்படித்தான்.
மருத்துவருக்குத் திடீரென்று வெட்கமோ,
யாரும் பார்த்துவிட்டார்களோ.
விசையின்மேல் விரல் நிற்கிறது.
இன்னும் அழுத்தவில்லை.