ஏழாவது காலம்

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்
எங்கள் எக்செல் தாளில் ஒரு காலம் கூடியது.
தோல் வரவு, உப்பு, சுண்ணாம்பு, குரோம், எரிபொருள், கூலி
என்று ஆறு காலங்கள் ஏற்கெனவே இருந்தன.
ஏழாவதின் தலையில்
'புகை' என்று தட்டினேன்.
பிறகு அழித்து, சின்ன முதலாளி சொன்னபடி
'கார்பன்' என்று மாற்றினேன்.

ஷூ வாங்கும் ஜெர்மன் கம்பெனி கேட்டதாம்:
ஒரு சதுர அடித் தோலுக்கு எவ்வளவு புகை,
அதற்கு உங்கள் கணக்கில் என்ன விலை.
டன்னுக்கு இரண்டாயிரம் என்று வைத்தார்.
ஏன் இரண்டாயிரம் சார்?
"ஜீரோவுக்கு மேல ஏதாவது இருக்கணும் தில்ஷாத்,
ஆனா அத்தா பார்த்தா மயங்கி விழாத அளவுக்கு."

ராணிப்பேட்டையில் வாசனைக்கு யாரும் விலை வைத்ததில்லை.
பேருந்து சிப்காட்டைத் தாண்டும்போது
மூக்கைப் பொத்துகிறவர் வெளியூர்;
எங்களுக்கு அதுதான் அடையாளம்.
மஞ்சளாய் ஊறும் கிணற்றுக்குக் காலம் கிடையாது.
பாலாற்றுக்கும் கிடையாது. மணலும் போய்விட்ட ஆற்றை
எந்த வரிசையில் எழுதுவது?

மீட்டர் பார்க்க பாய்லர் கொட்டகைக்குப் போனேன்.
முனிரத்தினம் கரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்.
"இன்னாமா, காத்துக்கும் பில்லு போடறீங்களாமே?"
"வெளிய விடற காத்துக்குண்ணே."
"நான் விடறதுக்குமா?"
சிரித்தோம். சிரிப்பு கேட்கவில்லை.
வலப்பக்கக் குழாயில் வால்வு ஒன்று
பதினொரு வருஷமாகச் சீறிக்கொண்டிருந்தது.

பதினொரு வருஷம்.
எனக்கு முன்னால் இருந்த கணக்கர் காலத்து மனு
கோப்பில் இன்னும் இருக்கிறது, துளையிட்டு, நூல் கோத்து:
'ஐயா, நீராவி கசிகிறது. கை வெந்தது. மாற்றித் தரவும்.'
கீழே பச்சை மையில் 'பார்க்கலாம்'.

அந்தச் சீறலை நான் டன்னாக்கினேன்.
மணிக்கு இத்தனை நீராவி, அதற்கு இத்தனை கிலோ கரி,
வருஷத்துக்கு இருபத்தாறு டன் புகை.
ஏழாவது காலத்தில் ஐம்பத்திரண்டாயிரம்
சிவப்பில் வந்து உட்கார்ந்தது.

இதைப்போல் இரண்டு மடங்கு
கரியாகவே எரிந்துபோயிருக்கிறது ஒவ்வொரு வருஷமும்.
அது பழகிய காசு. எரிபொருள் என்ற பெயரில்
மொத்தத்தோடு மொத்தமாய்க் கரைந்துவிடும்.
இது புதுக் காசு. யாருக்கும் கட்ட வேண்டாத,
தாளில் மட்டும் இருக்கிற காசு.
ஆனாலும் பெரிய முதலாளிக்கு அன்றிரவு தூக்கமில்லை.

காலையில் வாலாஜாவிலிருந்து ஃபிட்டர் வந்தார்.
வால்வு மூவாயிரத்து எண்ணூறு. ஆள் கூலி அறுநூறு.
டீ ஆறுவதற்குள் முடிந்தது.

முனிரத்தினம் புது வால்வையே பார்த்துக்கொண்டு நின்றார்.
முழங்கைக்குக் கீழே வழுவழுவென்று
உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் முளைக்காத இடம்.
முதல் தரத்தில் சேர்த்துவிடலாம், அப்படிப் பதமாகியிருந்தது.
"அப்போ இது சத்தத்துக்கு வந்த வெலை" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் ஃபார்முலா இல்லை.

ஏழாவது காலத்தைத் திட்டத் தோன்றியது.
நன்றி சொல்லவும் தோன்றியது.
இரண்டுக்கும் கட்டம் இல்லாததால்
சேமித்து மூடினேன்.

மாலை ஷிஃப்ட். கொட்டகையில் முதல்முறையாகக்
கரி வெடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குமுறுவது கேட்டது.
அப்புறம் தூரத்தில், வாலாஜா ரோடு பக்கம், ஒரு ரயில்.
"கூட்ஸு" என்றார். "கரி வண்டியாத்தான் இருக்கும், மேட்டூருக்கு.
தெனம் இந்நேரத்துக்குப் போய்க்கினுதான் இருந்துகீது பாரேன்."
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
தடதடப்பை வைத்தே பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

நாற்பது வரை நானும் கூட எண்ணினேன்.