எடைக்கணக்கு

ஏழரைக்கு நீர் வற்றும் என்றார் ஸுரைடா.
ஏழு ஐம்பதுக்குத்தான் மனசு வந்தது ஆற்றுக்கு.
அதுவரை பாலத்தடியில்
அளவு பொருந்தாத ரப்பர் காலணிகளில்
இருபத்திரண்டு பேர்
கொசுவை அடித்துக்கொண்டு நின்றோம்.

சுங்கை பினாங்.
பாக்கைப் பெயரில் வைத்திருக்கும் ஆறு.
நிறமும் மென்று துப்பிய நிறம்தான்.

முதலில் வந்தவை செருப்புகள்.
மூன்று. மூன்றுமே இடது கால்.
அப்புறம் சோற்றுப் பானை, மின்சாரக் கம்பி வாலோடு.
ஒரு தலைக்கவசம்;
உள்ளே குடியிருந்த நண்டு
காலி செய்ய மறுத்தது.
கோர் சூன் லியோங் அதைச் சரித்துப் பிடித்தபடி
வாடகை கேட்கக் கூச்சப்படும் வீட்டுக்காரர்போலக் காத்திருந்தார்.

குணாளன் கையில் ஒரு சாமி படம் சிக்கியது.
முகமெல்லாம் சேறு தின்றுவிட்டது,
பாதம் மட்டும் மிச்சம்.
மூட்டையில் போடவும் மனமில்லை,
திரும்ப விடவும் வழியில்லை.
கண்ணாடியா, மரமா, எந்தக் கட்டத்தில் எழுத?
என்று கேட்ட ஸுரைடா
அவன் விழிப்பதைப் பார்த்துவிட்டுத்
தாளின் ஓரத்தில் புதிதாய் ஒரு கோடு இழுத்தார்.
அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை.

எதிர்க்கரையில் ஓர் உடும்பு
நாக்கை நீட்டி எங்களை முகர்ந்து
பெரிதாய் ஒன்றுமில்லை என்று போய்விட்டது.

ஒன்பதாகும்போது கொக்கியில் மாட்டியது மெத்தை.
கயிறு கட்டி ஏழு பேர் இழுத்தோம்.
சேறு அதை விடவில்லை,
ஒரு முத்தச் சத்தத்தோடு பிறகு விட்டது,
ஏழு பேரும் மல்லாந்து விழுந்தோம்.
"எந்தப் புண்ணியவான் போட்டானோ!"
யாரோ திட்டினார்கள்.
நானும் திட்டினேன்,
எல்லாரையும்விடச் சத்தமாக.

அப்பாவின் கருமக்கிரியை முடிந்த இரவு.
பெரிய குப்பை ஏற்றும் லோரி
முதல் சனிக்கிழமைதான் வரும்.
அதுவரை அந்த மெத்தையோடு
ஒரே வீட்டில் தூங்க யாருக்கும் முடியவில்லை.
இரண்டு மணிக்கு நானும் அண்ணனும்
ஏழாம் மாடியிலிருந்து இறக்கினோம்.
லிஃப்டில் அது
எங்களுக்கு நடுவே
மூன்றாவது ஆள்போல நின்றுகொண்டு வந்தது.
எந்த மாடியிலும் யாரும் ஏறவில்லை.

போட்டதும் மூழ்கும் என்று நினைத்தோம்.
மிதந்தது.
கம்பத்து விளக்கின் வெளிச்சத்துக்குள் போய்
மெதுவாய் ஒரு சுற்றுச் சுற்றி
எந்தப் பக்கம் தலைவைப்பது என்று
கேட்பதுபோல நின்றது.
நாங்கள் ஓடி வந்துவிட்டோம்.

இது அதுதானா?
துணி போய்விட்டது. சுருள்கம்பிகள்தான்.
எல்லார் படுக்கைக்கும் உள்ளே
ஒரே சுருள்கம்பி.
மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துணி,
சேற்று நிறத்தில்.
எங்களுடையதில் நீலப் பூக்கள்.
ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும்.
வாளி பக்கத்தில்தான் இருந்தது.

அறுபத்தொரு கிலோ என்றது தராசு.
போடும்போது
இரண்டு பேர் போதுமாயிருந்தது.
ஸுரைடா எழுதினார்: பொருள், எடை, எடுத்த இடம்.
யார் போட்டது என்று அந்தத் தாளில் கட்டமில்லை.
நான் இரண்டு முறை பார்த்தேன்.

தேத்தண்ணி வந்தது,
சிவப்புக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைகளில்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் எல்லாரும் சிரித்தோம்.
குடித்து முடித்ததும் கோர் பைகளை எண்ணினார்.
இருபத்தொன்று.
மறுபடி எண்ணினார்.
அவரவர் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டு
ஆற்றைப் பார்த்தோம்.
அது ஏற ஆரம்பித்திருந்தது.

அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுக்கும் தாள்
கைமாறி வந்தது.
என் பெயரை எழுதினேன்.
கீழே, கேட்காமலே, அண்ணன் பெயரை.
காலணி அளவு?
பத்து என்று போட்டேன்.
அன்றிரவு அவன்
ஒற்றைச் செருப்போடுதான் வீடு திரும்பினான்.